பெட்டிக்குள்ள ஒரு பொண்ணு பாடுது

அந்தப் பையை மேல வெக்காதீங்க சார், மடியிலயே வெச்சுக்குங்க. நான் யாரையும் குத்தம் சொல்லலை. முன் சீட்டுக்காரர் அவிநாசி தாண்டறதுக்குள்ள ரெண்டு தடவை எந்திரிச்சு மேல பார்த்துட்டு உக்காந்துட்டாரு. அவரோட பை அவர் காலடியில இருக்குது. அப்புறம் மேல எதைப் பார்க்கறாரு? சும்மா நிமிர்ந்திருப்பாருன்னு நீங்க நினைப்பீங்க. இருக்கட்டும், நல்லவராவே இருக்கட்டும். பை உங்க மடியில இருந்தா யாருக்கு என்ன நட்டம்?

பெங்களூருங்களா? நானும் அங்கதான். கல்யாணம் காட்சிக்குப் போறேன்னு நினைச்சுக்காதீங்க. ஒரு கும்பலைக் கையும் களவுமா பிடிக்கப் போறேன். அட, தள்ளி உக்காராதீங்க, கத்தி எடுத்துட்டு வர்ற கும்பல் இல்ல. பாட்டுக் கும்பல். கிட்டாரு, டிரம்ஸு, தோள் வரைக்கும் முடி. 'தண்ணி லாரி'ன்னு பேரு வெச்சிருக்கானுங்க. இன்னிக்குப் பொழுதோட ஏழு மணிக்குக் கோரமங்களாவுல ஒரு சின்ன இடத்துல ஆரம்பிக்கறானுங்க. நான் வர்றது அவனுங்களுக்குத் தெரியாது. யாருக்குமே தெரியாது. எங்கூட்டுக்காரி பொள்ளாச்சியில அவங்க அக்கா வீட்டுக்குப் போயிருக்கா. நல்ல சமயம்னு கதவைப் பூட்டிட்டுக் கெளம்பிட்டேன். உங்ககிட்ட சொல்றேன்னா, உங்களுக்கு அவனுங்களைத் தெரிய நியாயமில்லைன்னுதான். தெரியாதில்லீங்களா? சரி.

நான் நகை அப்ரைசருங்க. மாணிக்காசலம்னு டவுன்ஹால் பக்கம் கேட்டீங்கன்னா சொல்லுவாங்க. பேங்குல நகைக்கடன் வாங்க வர்றாங்க இல்லீங்களா, அந்த நகை அசல்தானான்னு பார்த்துக் கையெழுத்துப் போடற வேலை. உரைகல்லுல ஒரு இழுப்பு, அதுமேல ஒரு சொட்டு ஆசிட், அவ்வளவுதான். வர்றவங்க எல்லாருமே நல்லவங்கதான். கண்ணைத் துடைச்சுக்கிட்டே தாலிக்கொடியைக் கழட்டித் தர்ற அம்மாவும் நல்லவங்கதான். ஆனா அந்தக் கொடிக்குள்ள வெள்ளிக் கம்பி ஓடுச்சுன்னா நான்தானே பதில் சொல்லணும்? அதனால முகத்தைப் பார்க்கறதே இல்ல, கல்லைத்தான் பார்ப்பேன். புதுசா வர்ற மேனேஜருங்க, 'உங்களுக்கு எல்லாத்துலயும் சந்தேகம் சார்'ம்பாங்க. சந்தேகப்படறதுக்குத்தானுங்க எனக்குச் சோறே போடறாங்க.

அப்படிப்பட்டவனுக்கு கிட்டார்க்காரங்களோட என்ன சோலின்னு கேப்பீங்க. சொல்றேன்.

எனக்கு ஒரே பொண்ணு, கௌசிகா. பெங்களூர்ல ஒரு கம்பெனியில டெஸ்டிங்ல இருக்கா. அடுத்தவன் செஞ்சதுல எங்க ஓட்டைன்னு கண்டுபிடிச்சுச் சொல்ற வேலை. அப்பன் புத்தி. அவ இங்க காலேஜ் படிக்கையில ஞாயித்துக்கிழமை ஆனா எங்கியோ போயிட்டு வருவா. 'ஃபிரண்டு வீடுங்கப்பா'ம்பா. ஒருநாள் சாப்பிட உக்கார்றப்ப பார்க்கறேன், மணிக்கட்டுல நீலக் கலர்ல ஒரு முத்திரை. அழிஞ்சும் அழியாம ஒரு படிக்கட்டுப் படம். நான் ஒண்ணும் கேக்கலை. கேட்டா பொய் வரும், பொய் வந்தா மேல கேக்கணும். மனசுல போட்டு வெச்சுக்கிட்டேன். அவ வேலைக்குப் போனதுக்கு அப்புறம் ஒருநாள், நகை திருப்ப வந்த ஒரு பையன் கையில அதே படிக்கட்டு. விடுவேனுங்களா? சங்கிலியைக் கையில குடுக்காம, 'தம்பி, இதை எங்க குத்துனாங்க?'ன்னு கேட்டுட்டுத்தான் குடுத்தேன்.

ஆர்.எஸ்.புரத்துக்கு அந்தாண்ட ஒரு பழைய கிரைண்டர் குடோன். கீழ இன்னமும் கிரைண்டருதான் அடுக்கியிருக்காங்க. மேல ஒரு ஹாலு. 'மேல்மாடி'ன்னே பேரு. ஷபீர்னு ஒருத்தர் நடத்தறாரு. வாசல்ல டிக்கெட் வாங்குனா கையில முத்திரை குத்தறாங்க. நானும் நீட்டுனேன். குடியா, கஞ்சாவா, என்னதான் நடக்குதுன்னு பார்த்துடலாம்னுதான் போனேன். சொன்னா நம்ப மாட்டீங்க, லெமன் சோடா வித்துக்கிட்டிருந்தாங்க. அதையும் மோந்து பார்த்துட்டுத்தான் குடிச்சேன்.

அன்னிக்கு மிசோரம்ல இருந்து நாலு பசங்க. ஒரு வேனைப் பிடிச்சு ஊர் ஊரா வர்றாங்க. டிரம்ஸ், பெட்டி, ஒயரு எல்லாத்தையும் அவங்களே தூக்கிட்டுப் படியேறுனாங்க. பாடறவனே ஒயரை மாட்டறான், பாடி முடிச்சா அவனே சுத்தி வெக்கறான். ஹால்ல முப்பது நாப்பது பேரு. டிவியில வந்தவங்க இல்ல, சினிமாவுல பாடுனவங்க இல்ல, பேருகூட யாருக்கும் தெரியாது. எனக்குப் பாஷையும் புரியலை. காது ரெண்டும் அடைச்சுப் போச்சு. போயிடலாம்னு பாதி எந்திரிச்சுட்டேன். அப்ப அந்த ஒல்லிப் பையன் எல்லாத்தையும் நிறுத்தச் சொல்லிட்டு வெறும் வாயில ரெண்டு வரி பாடினான் பாருங்க. எந்திரிச்சவன் அப்படியே உக்காந்துட்டேங்க. இது அசல்னு தெரிஞ்சு போச்சு. யாரும் சொல்லிக் குடுக்கலை, நானே கண்டுபிடிச்சேன்.

உங்களுக்கு எப்படிச் சொல்றது? இப்ப எல்லா நகையிலயும் ஹால்மார்க் வந்துருச்சு. லென்ஸ்ல பார்த்தா எழுத்து தெரியும், முடிஞ்சுது. என் கல்லுக்கு வேலையே கொறஞ்சு போச்சு. ரேடியோவுல வர்ற பாட்டெல்லாம் அப்படித்தான், எவனோ முத்திரை குத்தி அனுப்புனது. இந்த மேல்மாடிக்கு வர்றவங்ககிட்ட முத்திரை கிடையாது. நாமதான் உரசிப் பார்க்கணும். அந்த ருசி பிடிச்சுப் போச்சுங்க. அப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை விடலை. திருச்சூர்ல இருந்து வருவாங்க, இம்பால்ல இருந்து வருவாங்க. பாதி கவரிங், அதையும் சொல்லிடறேன். கவரிங்கா இருந்தா மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டு வந்துருவேன். நான் முன்னால உக்காந்திருந்தா அவனுங்களுக்கு உதறும்னு ஷபீர் சொல்லுவாரு.

யாருக்கும் பொய் மதிப்புப் போட்டதில்லைங்க. பெத்த பொண்ணுக்கே போடலைன்னா பார்த்துக்குங்க. கௌசிகா ஒன்பதாவது படிக்கையில ஸ்கூல் ஆண்டு விழாவுல பாடினா. வீட்டுக்கு வந்ததும், மாமன் மச்சான் எல்லாம் உக்காந்திருக்காங்க, 'அப்பா, எப்படி இருந்துச்சுங்கப்பா?'ன்னு கேட்டா. 'பதினெட்டு காரட்டுதான் கண்ணு, இருபத்திரண்டு வராது. மேல போகையில செம்பு தெரியுது'ன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. அவளுந்தான் சிரிச்சா. அதுக்கப்புறம் வீட்டுல பாட்டுச் சத்தமே இல்ல, படிப்புல கவனம் வந்துருச்சு. இன்னிக்கு நல்ல வேலையில இருக்கா. அன்னிக்கு நான் ஆஹா ஓஹோன்னு சொல்லியிருந்தா என்ன ஆயிருக்கும், நீங்களே சொல்லுங்க.

நான் மேல்மாடிக்குப் போறேன்னு போன்ல சொன்னப்ப அவளால நம்பவே முடியலை. 'நீங்களா? மேல்மாடிக்கா?'ன்னா. கடைசியா, 'எந்தெந்த வாரம் போவீங்கன்னு எனக்குச் சொல்லிட்டுப் போங்கப்பா'ன்னா. அக்கறைங்க. வயசான காலத்துல அப்பன் மாடிப்படி ஏறறானேன்னு அக்கறை.

இந்தக் கடலையைச் சாப்பிடுங்க. நானே வறுத்தது, தைரியமா சாப்பிடலாம். பஸ் நிக்கற இடத்துல விக்கறதை வாங்காதீங்க.

தண்ணி லாரிக்கு வர்றேன். போன மாரியம்மன் நோம்பி சமயத்துல மொதல் தடவை மேல்மாடிக்கு வந்தானுங்க. மூணு பேரு. பாடறவன் ரூபன், மதுரைக்காரன். மூணு பேரு நிக்கறானுங்க, மைக்கு நாலு இருக்குது. நட்ட நடுவுல ஒரு மைக்கு, அதுமேல வெளிச்சம் வேற. ஆளில்ல. எனக்கு அப்பவே உறுத்துச்சு. மூணு பாட்டு போச்சு, பரவாயில்லை, சுமார். நாலாவது பாட்டுல ரூபன் காலால ஒரு பெட்டியை அமுக்கறான். ஒரு பொண்ணு பாடுது. ஹால்ல பொண்ணு கிடையாது. முன்னாடியே பதிஞ்சு வெச்சது, பெட்டிக்குள்ள இருந்து பாடுது.

பாட்டு என்னன்னு கேளுங்க. 'உரசிப் பார்க்காதே, உரசினா கொறைவேன். கல்லுல ஒட்டின என்னை மெழுகுல எடுத்து வை.'

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. ஏன்னு சொல்லுங்க? உரைகல்லுல ஒவ்வொரு தடவை இழுக்கையிலயும் துளியூண்டு தங்கம் கல்லுல நின்னு போகும். நகைக்காரங்களுக்குத் தெரியாது, கண்ணுக்கும் தெரியாது. பொழுது சாய்ஞ்சதும் தேன்மெழுகை உருண்டையாக்கிக் கல்லுமேல உருட்டி அதை எடுப்போம். இது எங்க தொழில்காரங்க வீட்டுக்குள்ள மட்டும் இருக்கற விசயம். எங்கூட்டுல கௌசிகாவுக்கு சின்னதுல அதுதான் வெளையாட்டு, ஸ்கூல் விட்டு வந்ததும் மெழுகுக்குக் கையை நீட்டுவா. எங்க ஜாதி ஜனத்துல எல்லா வீட்டுப் புள்ளைங்களும் அப்படித்தான். இந்த மதுரைக்கார கிட்டார்க்காரனுக்கு மெழுகு எப்படித் தெரிஞ்சுது? அப்பவே முடிவு பண்ணிட்டேன். எங்கியோ ஒரு ஆசாரி வீட்டுப் பொண்ணு எழுதிப் பாடினதை இவனுங்க ஏமாத்தி வாங்கிப் பெட்டிக்குள்ள போட்டுக்கிட்டு ஊர் ஊரா வித்துக்கிட்டிருக்கானுங்க.

அந்தக் குரலு இருக்குது பாருங்க... கேட்டாத்தான் தெரியும். கீழ இருக்கையில ஒண்ணும் தெரியாது. மேல போகையில ஒரு செம்பு வரும். லேசா செவந்த மாதிரி. அதுதான் அழகே. சொக்கத் தங்கத்துல நகை செய்ய முடியாதுங்க, வளைஞ்சு போகும். செம்பு சேர்ந்தாத்தான் நிக்கும். அந்தப் பொண்ணு குரலு நிக்குது. எத்தனையோ பேரு பாடிக் கேட்டிருக்கேன், இந்த மாதிரி ஒண்ணு என் காதுல விழுந்ததில்லை. கண்ணுல தண்ணி வந்துருச்சுன்னு சொன்னா சிரிப்பீங்க. அந்தப் பொண்ணுக்கு ஒரு நியாயம் வாங்கிக் குடுக்கணும்னு அன்னிக்கே நினைச்சேன்.

பாட்டு முடிஞ்சதும் ரூபனைப் பிடிச்சேன். 'பொண்ணு எங்கப்பா?' 'ஜுரம் சார்'னான். சரின்னு விட்டேன். ஆவணியில மறுபடி வந்தானுங்க. மறுபடியும் காலி மைக்கு, மறுபடியும் பெட்டி. 'பொண்ணு எங்க?' 'லீவு கிடைக்கலை சார்.' மொதல்ல ஜுரம், அப்புறம் லீவு! ரெண்டு பேச்சு பேசறவனை நம்பலாமுங்களா?

அன்னிக்கு இன்னொண்ணும் நடந்துச்சு. ஹாலுக்குப் பின்னால அவனுங்க உக்கார்றதுக்கு ஒரு சின்ன ரூம் இருக்குது. எட்டிப் பார்க்கலாம்னு போனேன். கதவு சாத்தியிருக்குது, வாசல்ல பொம்பளைச் செருப்பு ஒரு ஜோடி. ரூபன் வெளிய நின்னு எதையோ தின்னுக்கிட்டிருக்கான். கிட்டப் போய்ப் பார்த்தா கச்சாயம்! நம்ம ஊருக் கச்சாயம், வெல்லம் போட்டுச் சுட்டது. மதுரைக்காரனுக்கு ஏதுங்க கச்சாயம்? எங்கூட்டுக்காரியும் அன்னிக்குக் காலையில கச்சாயம் சுட்டா. நோம்பியும் இல்ல, நல்ல நாளும் இல்ல, எதுக்கு இந்த வேலைன்னு கேட்டதுக்குத் தின்னணும்னு தோணுச்சும்பா. மத்தியானம் பார்த்தா டப்பாவே காணோம். பக்கத்து வீட்டுக்காரங்க மேல எனக்கு ரொம்ப நாளா சந்தேகம். அது கிடக்கட்டும். நான் அந்தக் கதவைத் தட்டினேன். 'உள்ள இருக்கறது யாரா இருந்தாலும் வெளிய வரணும், இல்லைன்னா போலீசுக்குப் போவேன்'னு சத்தம் போட்டேன். ஷபீர் ஓடி வந்து என் கையைப் பிடிச்சு, 'அண்ணா, வேண்டாங்ணா, சொன்னா கேளுங்க'ன்னு கீழ கூட்டிட்டுப் போயிட்டாரு. அவரும் அவனுங்களுக்கு உடந்தைதான்.

கீழ கிரைண்டருங்க நடுவுல நிக்கையில ரூபன் இறங்கி வந்தான். திட்டுவான்னு பார்த்தேன். 'சார், அந்தப் பாட்டு உங்களுக்குப் பிடிச்சிருக்கா? உண்மையைச் சொல்லுங்க'ன்னான். நான் சொன்னேன், உங்ககிட்ட சொன்னேன் இல்லீங்களா, செம்பு, நகை, நிக்கறது, எல்லாத்தையும் சொன்னேன். அவன் மூஞ்சி ஒரு மாதிரி ஆயிருச்சு. சட்டுன்னு போனை எடுத்து, 'சார், இதையே இன்னொரு தடவை சொல்லுங்க, பதிஞ்சுக்கறேன்'னான். எப்படி இருக்கு பாருங்க! என் வாயால ஒரு சர்டிபிகேட் வாங்கி அதையும் வித்துடலாம்னு பார்க்கறான். 'ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன், போடா'ன்னுட்டேன். 'ஒரே ஒரு வார்த்தை சார், நல்லா இருக்குன்னு மட்டும்'னு கெஞ்சினான். கெஞ்சக் கெஞ்ச எனக்குச் சந்தேகம் ஜாஸ்தியாகும், அது என் தொழில்.

அப்புறம் பாண்டிச்சேரிக்குப் போனேன். அதே காலி மைக்கு, அதே பெட்டி. பக்கத்துல ஒரு சென்னைக்காரர் உக்காந்திருந்தாரு. 'பாவம், அந்தப் பொண்ணு வரலை போல. சென்னையில பிரமாதமா பாடுச்சே'ன்னாரு. நேர்லயான்னேன். 'நேர்லதான் சார், நட்ட நடுவுல நின்னு. கூட்டமே எந்திரிச்சு நின்னுச்சு'ங்கறாரு. கொச்சிக்குப் போனேன். பெட்டி. அங்கயும் ஒருத்தர், 'திருவனந்தபுரத்துல நேர்ல வந்துச்சே'ங்கறாரு. புரியுதுங்களா உங்களுக்கு? நான் போகாத ஊர்ல எல்லாம் அந்தப் பொண்ணு மேடையேறுது. நான் போற ஊர்ல மட்டும் பெட்டிக்குள்ள போயிடுது. இவன் மதிப்புப் போடற ஆளு, கண்டுபிடிச்சுருவான்னு பயம். நான் எங்க வர்றேன்னு யாரோ முன்கூட்டியே தகவல் குடுக்கறாங்க.

டீ குடிக்கறீங்களா? தர்மபுரியில பத்து நிமிசம் நிப்பானாம். நான் இறங்கலை, நீங்க போயிட்டு வாங்க. பையை எடுத்துட்டுப் போங்க. என்னையும் நம்பாதீங்க, அதுதான் நல்லது.

வந்துட்டீங்களா? சர்க்கரை தூக்கலா? அப்படித்தான் போடுவான், டீத்தூளைக் கொறைக்கறதுக்கு.

தகவல்னு சொன்னேன் இல்லீங்களா. மொதல்ல ஷபீரைத்தான் சந்தேகப்பட்டேன். பாண்டிச்சேரிக்குப் போறதை அவருகிட்ட மூச்சு விடலை. அப்படியும் பெட்டி. கொச்சிக்குப் போனப்ப பேங்குலகூட திருச்செந்தூர்னு லீவு எழுதிக் குடுத்தேன். அப்படியும் பெட்டி. கௌசிகாகிட்ட சொல்லிப் புலம்புவேன். ஒவ்வொரு தடவையும் முழுசாக் கேட்டுட்டு, 'பாட்டு எப்படிங்கப்பா இருந்துச்சு?'ம்பா. 'பாட்டைத் தூக்கிக் குப்பையில போடு அம்மிணி, அவனுங்க திருட்டுப் பசங்க'ம்பேன். 'ம்'ம்பா. வெச்சுருவா. அடுத்த தடவையும் அதையேதான் கேப்பா, 'பாட்டு எப்படிங்கப்பா?' நானும் அதையேதான் சொல்லுவேன்.

என்ன கேட்டீங்க?

யாருக்கும் சொல்லலைங்க, அதைத்தான் சொல்றேன். ஷபீருக்குச் சொல்லலை. பேங்குல சொல்லலை. எங்கூட்டுக்காரிக்கு மட்டும் தெரியும். அவளுக்கு யாரைத் தெரியும், பாவம். அவதான் நான் கெளம்பறப்ப எல்லாம், 'அம்மிணிகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க, சொல்லிட்டுப் போங்க'ன்னு நிப்பா. நான் மறந்தாலும் அவளே நம்பரைப் போட்டுக் கையில குடுப்பா. பாண்டிச்சேரிக்கும் குடுத்தா, கொச்சிக்கும் குடுத்தா. அதனால கௌசிகாவுக்குத் தெரியும். எம்பொண்ணுங்க அது. அவ எதுக்கு...

இல்ல இல்ல, நீங்க நினைக்கறது தப்பு. அவ டெஸ்டிங்ல இருக்கா. அவளுக்கும் இதுக்கும் என்ன?

கொஞ்சம் அந்த ஜன்னலைத் தொறந்து விடுங்க.

கச்சாயம்னா கௌசிகாவுக்குத்தான் உசுரு. எங்கூட்டுக்காரி அவளுக்குன்னாத்தான் சுடுவா, எனக்குச் சுட்டதே இல்ல.

ஏனுங்க, ஒண்ணு கேக்கறேன், சொல்லுங்க. சொந்தப் பொண்ணு குரலு அப்பனுக்குத் தெரியாமப் போகுமுங்களா? கண்ணை மூடிக்கிட்டு ஒரு வளையலைக் கையில வாங்குனா இத்தனைன்னு சொல்லிடுவேன் நான். தெரியாமப் போகுமுங்களா? ஆனா ஒண்ணுங்க, ஒன்பதாவதுக்கு அப்புறம் அவ பாடி நான் கேட்டதே இல்லையே. போன்ல 'ம்'முன்னு ஒரு சத்தம். அது மட்டுந்தான் எனக்குத் தெரிஞ்ச குரலு.

செம்புன்னு சொன்னேனே. அன்னிக்கு எல்லாரும் உக்காந்திருக்கையில அதையேதான சொன்னேன்? அதே செம்பு. அன்னிக்குக் கழிச்சேன், இன்னிக்குக் கண்ணுல தண்ணி விட்டேன். அந்த ரூமுக்குள்ள இருந்தது அவதான். நான் கதவைத் தட்டி போலீசுன்னு கத்துனதை எம்பொண்ணு உள்ள உக்காந்து கேட்டிருக்கா. ரூபன் 'ஒரே ஒரு வார்த்தை'ன்னு கெஞ்சினது அவகிட்ட கொண்டுபோய்க் குடுக்கத்தான். நான் குடுக்கலை. என் வார்த்தையைப் பத்திரமா வெச்சுக்கிட்டேன், திருட்டுப் போயிடுமாம்.

எனக்கு நெஞ்சு வலிக்குதுங்க. டாக்டர் பார்க்கற வலி இல்ல, பதறாதீங்க.

கிருஷ்ணகிரி தாண்டிருச்சா? இல்லைங்க, திரும்பிப் போக மாட்டேன். ஆனா உள்ள போகலை. நான் உள்ள போய் உக்காந்தா அவ பெட்டிக்குள்ள போயிடுவா. வெளிய நின்னுக்கறேன். இந்த மாதிரி இடத்துல சுவரு தடிமனா இருக்காது, எந்தச் சந்துல நின்னாலும் கேக்கும். நான் வந்தது தெரியாம இருந்தா நேர்ல நின்னு பாடுவா. அது போதும். அந்த சென்னைக்காரர் கேட்டதை நானும் கேட்டுட்டு, அடுத்த பஸ்ஸைப் பிடிச்சுக்கறேன்.

இருங்க, போன் அடிக்குது.

அவதான். பேசாம இருங்க. இருமாதீங்க.

அலோ. சொல்லு கண்ணு... எங்கயா? வீட்டுலதான். அம்மா பொள்ளாச்சிக்குப் போயிட்டா, நான் மட்டுந்தான்... இல்லம்மா, கச்சேரிக்கெல்லாம் எங்கியும் போகலை. முட்டி வலி. டிவி பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கேன்... என்னது? ஓசூரா? அது டிவியில அம்மிணி. எவனோ பஸ்ஸுல ஓசூரு ஓசூருன்னு கத்தறான். படம் ஓடுது... கண்ணு, வெச்சுறாதே. ஒண்ணு சொல்லணும். அந்தத் தண்ணி லாரிப் பாட்டு, எப்படி இருந்துச்சுன்னு கேட்டீல்ல? ஒவ்வொரு தடவையும் கேட்ட. நான் பதிலே சொல்லலை. நல்லா இருந்துச்சு. ரொம்ப நல்லா இருந்துச்சு கண்ணு. மேல போகையில செம்பு வருதுல்ல, அது வேணும். அது இருக்கறதாலதான் நிக்குது. அதைக் கழிக்கச் சொன்னவன் தொழில் தெரியாதவன். அந்தப் பொண்ணுகிட்ட யாராச்சும் போய்ச் சொன்னாத் தேவலை... அலோ? கௌசிகா? இருக்கியா?... ம். ம். சரி கண்ணு. சரி.

வெச்சுட்டா.

மூக்கை உறிஞ்சுற சத்தம் கேட்டுச்சு, இல்ல இந்த இன்ஜின் சத்தமோ என்னமோ. அப்புறம், 'டிவி சத்தம் ரொம்ப ஜாஸ்தியா இருக்குதுங்கப்பா'ன்னா. கடைசியா ஒண்ணு சொன்னா. 'ஏழு மணிக்குத்தான் ஆரம்பிக்கும், அவசரப்படாம பார்த்து இறங்குங்க'ன்னு சொல்லிட்டு வெச்சுட்டா.

ஏனுங்க, எனக்கு இது சந்தேகமா இருக்குது. வீட்டுல உக்காந்து டிவி பார்க்கறவன் எங்கீங்க இறங்கறது?